சிவப்புப் புள்ளடி

எனக்குக் கோவம் வந்தா அது ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும். இத நான் பெருமையா சொல்லல, ஊருக்கே தெரிஞ்ச விசயம். அலுவிகாரையில மெயின் ரோட்டோரமா கொமினிகேஷன் கடை வச்சிருக்கேன். போட்டோகொப்பி, டைப்பிங், ஒன்லைன் விண்ணப்பம், பரீட்சை ரிசல்ட், எல்லாம் செய்வேன். இந்தத் தொழில்ல இருக்குற ஒருத்திக்குக் கோவம் வரலன்னா அவளுக்குக் காது கேட்காதுன்னு அர்த்தம். ஐடி கார்ட நீட்டி "ஒரு கொப்பி"ம்பாங்க. எடுத்துக் குடுத்தா "பின்பக்கம் எங்க?"ம்பாங்க. ஈமெயில் பாஸ்வேர்ட் என்னன்னு கேட்டா "நீங்கதானே போட்டீங்க, ஒங்களுக்குத்தானே தெரியும்"பாங்க. போன வருசம் போட்டத இந்த வருசம் நான் ஞாபகம் வச்சிருக்கணுமாம்!

இப்படிக் கத்திக் கத்தியே பழகிப்போச்சு. அப்படிக் கத்தினதுல ஒரு நாள் என் வாயில இருந்து விழுந்த ஒரு பேச்சப் பத்தித்தான் எழுத ஒக்காந்திருக்கேன்.

எனக்கு ஒரே ஒரு தங்கச்சி. பல்லேபொல பக்கம் ஒரு தோட்டத்துல நர்சரி டீச்சரா இருந்தா. விடிய ரெண்டு பஸ் மாறிப் போவா. பின்னேரம் திரும்பி வர த்ரீவீல் கிடைச்சா த்ரீவீல், இல்லன்னா பஸ் ரோடு வரைக்கும் நடை. புருசன் செத்து அப்ப மூணு வருசம். அவரு போனதுல இருந்து என்னோடதான் இருந்தா. என் வீட்டுக்காரர் கட்டார்ல. கடைக்குப் பின்னால ரெண்டு அறை, ஒரு குசினி. அதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும், என் சத்தமும்.

வெளிநாட்டுல இருக்குற தமிழ்ப் பிள்ளைங்களுக்குக் கம்ப்யூட்டர் வழியா தமிழ் சொல்லிக்குடுக்குற ஒரு பள்ளிக்கூடம் ஆள் எடுக்குறாங்கன்னு கேள்விப்பட்டு அவளே விண்ணப்பம் போட்டிருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஊர்ல எல்லாரோட விண்ணப்பத்தையும் நான் போடுறேன், என் சொந்தத் தங்கச்சி என் கம்ப்யூட்டர்லயே எனக்குத் தெரியாம போட்டிருக்கா பாருங்க! அதுக்கும் ஒரு சத்தம் போட்டேன். பிறகு பதில் வந்துச்சு. ஒரு பாடம் நடத்திக் காட்டணும், காலையில பத்தரைக்கு. அவங்க நாட்டுல அப்ப பின்னேரம், பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்திருக்கிற நேரம். ரெண்டு நிபந்தனைய பெரிய எழுத்துல போட்டிருந்தாங்க. கேபிள் குத்தின கம்ப்யூட்டர் இருக்கணும், போனும் வைஃபையும் சரிவராது. அஞ்சு நிமிசத்துக்கு மேல பிந்தினா உள்ள எடுக்க மாட்டாங்க, இன்னொரு நாள் தரவும் மாட்டாங்க.

கேபிள் குத்தின கம்ப்யூட்டர் நம்ம கடையில இருக்கு, அதுதான் அவளோட தைரியம். ரெண்டு கிழமையா மட்டையில படம் வரைஞ்சு வெட்டிக்கிட்டு இருந்தா. பானை, அகப்பை, அம்மி, சுளகு. குசினிச் சாமான்தான் பாடம். கண்ணாடிக்கு முன்னால நின்னு பேசிப் பேசிப் பாப்பா. ஒரு நாள் சோறு திங்குறப்ப, "இது கிடைச்சா நான் தனியா ஒரு ரூம் எடுத்துக்குவேன்க்கா"ன்னா. "ஏன், இங்க ஒனக்கு என்ன கொறச்சல்?"னு கேட்டேன். பீங்கான எடுத்துக்கிட்டு கழுவப் போயிட்டா.

அந்த நாளுக்கு முந்தின நாள் சரஸ்வதி பூசை. நாங்க பொறந்து வளந்த தேயிலைத் தோட்டத்துல, செடி கவ்வாத்து வெட்டுற கத்தி, மண்வெட்டி எல்லாத்தையும் கழுவித் தொடச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, சாமி முன்னால வச்சிடுவோம். மறுநாள் காலையில கும்பிட்டுட்டுத்தான் கையில எடுப்போம். கடைக்கு வந்த பிறகும் நான் அத விடல. எங்க கத்தியும் மண்வெட்டியும் போட்டோகொப்பி மெசின், லெமினேட்டிங் மெசின், பிரிண்டர், கம்ப்யூட்டர். எல்லாத்தையும் தொடச்சது தங்கச்சி. வயரெல்லாம் கழட்டி, தூசி தட்டி, சிபியுப் பெட்டிக்குப் பின்னால இருந்த ஒட்டறையப் பிரஷால எடுத்து, வேர்க்க வேர்க்கத் தொடச்சா. முடிஞ்சதும் நான் சந்தனக் கிண்ணத்தக் கையில எடுத்தேன். அவ போய்க் கதவோரமா நின்னுக்கிட்டா.

புருசன் இல்லாதவ பொட்டு வைக்கக் கூடாது, எங்க சனத்துல அப்படித்தான். அவளுக்கு யாரும் அத சொல்ல வேண்டியிருக்கல. இல்ல, பொய் சொல்றேன். மொத வருசம் நான் சொன்னேன். "நீ தொடாத, தள்ளி நில்லு"ன்னு நான்தான் சொன்னேன். அதுக்கப்புறம்தான் சொல்ல வேண்டியிருக்கல. தொடைக்கிறதுக்கு அவ கை ஆகும், பொட்டு வைக்கிறதுக்கு ஆகாது. என்ன கருமம் பிடிச்ச சட்டமோ! ஆனா அன்னைக்கு எனக்கு அப்படியெல்லாம் தோணல. பக்தியோட ஒவ்வொண்ணா வச்சிக்கிட்டே போனேன். முன்னுக்கும் வச்சேன், பின்னுக்கும் வச்சேன், ஒண்ணையும் விடல.

விடிஞ்சா பாடம். நமக்குத்தான் பூசை, மத்தவங்களுக்கு வேலை நாள். எட்டு மணிக்குக் கற்பூரம் காட்டிட்டு வயரெல்லாம் நானே திருப்பிக் குத்தினேன். நெட் கேபிள் கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு. ஒரு அழுத்து அழுத்தினேன், 'டிக்'னு உக்காந்துச்சு. தங்கச்சி நீலச் சேலை கட்டி, நெத்தியில கடுகளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு ஒட்டிக்கிட்டு வந்தா. "கறுப்புன்னா பரவாயில்ல"ன்னு அதுக்கு அனுமதி குடுத்ததும் நான்தான், பெரிய மனுசி! கம்ப்யூட்டரப் போட்டேன். திரையோட மூலையில பாத்தா, சிவப்புல ஒரு புள்ளடி. வாக்குச்சீட்டுல பெருக்கல் குறி மாதிரி நாம போடுறோமே, அந்த மாதிரி சின்னதா. நெட் இல்லன்னு அர்த்தம்.

"ஐயோ"ன்னா தங்கச்சி, மெதுவா.

நான் மெதுவா சொல்லல. நெட் போனா மொதல்ல கொம்பனியத் திட்டுறதுதான் என் வழக்கம். போனப் போட்டேன். தமிழுக்கு ரெண்டை அழுத்தச் சொல்லுச்சு. அழுத்தினேன். பாட்டு. பாட்டு முடிஞ்சு மறுபடியும் அதே பாட்டு. பிறகு ஒருத்தன் வந்து சிங்களத்துல பேசுறான். தமிழ் பேசுறவர் வேற கோல்ல இருக்காராம். சிங்களம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. கடையில பாதி நாள் சிங்களத்துலதான் போகுது. ஆனா ரெண்டை அழுத்தச் சொன்னது நீ, நான் அழுத்தினேன், இப்ப எனக்குத் தமிழ்தான் வேணும்னு நின்னேன். "பொட்டக் இன்ன மிஸ்"னு, கொஞ்சம் இருக்கச் சொல்லிட்டு, அந்தப் புண்ணியவான் திரும்பவும் பாட்டப் போட்டுட்டான்.

"சிங்களத்துலயே பேசுக்கா, நேரம் போகுது"ன்னு தங்கச்சி பக்கத்துல நின்னு கெஞ்சுறா.

"நீ சும்மா இரு. இவனுங்கள இப்படியே விட்டா நாளைக்கு ரெண்டாம் நம்பரையே எடுத்துடுவானுங்க"ன்னேன். என் நியாயம் நியாயம்தான், இன்னைக்கும் சொல்லுவேன். ஆனா அந்த வீம்புக்கு அவளோட நேரத்துல கால் மணித்தியாலம் போச்சு.

கடைசியில சிங்களத்துலதான் பேசினேன். அவன் ரவுட்டர்ல என்னென்ன லைட் எரியுதுன்னு கேட்டான். ரவுட்டர் கடைச் சுவத்துல, காசு லாச்சிக்கு மேல மாட்டியிருக்கு. பவர் எரியுது, இன்டர்நெட் எரியுது. "ஒங்க போன்ல வைஃபை வேலை செய்யுதா மிஸ்?" செய்யுது, தங்கச்சி போன்ல வீடியோவே ஓடுது. "அப்ப லைன்ல பிழை இல்ல. கேபிள் குத்துற ஓட்டைக்கு லைட் எரியுதா?" நாலு ஓட்டை, நாலுக்கும் லைட் இல்ல. "அப்ப கேபிள்லயோ கம்ப்யூட்டர்லயோதான் பிழை மிஸ். கேபிளக் கழட்டித் திரும்பக் குத்திப் பாருங்க." அவன் சொன்னது அத்தனையும் சரி. சரியா சொன்னதுதான் எனக்கு இன்னும் எரிச்சலக் கிளப்புச்சு. பட்டுன்னு போன வச்சேன்.

ரவுட்டர் பக்கத்து முனையக் கழட்டிக் குத்தினேன். ரவுட்டர்ல முதலாம் ஓட்டைய விட்டு ரெண்டாம் ஓட்டை, மூணு, நாலு. புள்ளடி அப்படியே நிக்குது. ரவுட்டர நிப்பாட்டிப் போட்டேன். கம்ப்யூட்டர நிப்பாட்டிப் போட்டேன். பழைய கம்ப்யூட்டர், எழும்பி வர நாலு நிமிசம் எடுக்கும், அது வரைக்கும் அந்த வட்டம் சுத்துறதப் பாத்துக்கிட்டு இருக்கணும். எழும்பி வந்து அதே புள்ளடியக் காட்டுச்சு. செவுத்துல மோதி உடைச்சுப் போடலாம் போல இருந்துச்சு. அதுக்குள்ள வாசல்ல ரெண்டு பேர் வந்துட்டாங்க. பென்சன் வேலைக்கு ஒரு ஐயா, பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்க ஒரு தோட்டத்து அம்மா. ரெண்டு பேருக்கும் நெட்லதான் வேலை. "இருங்க, இப்ப வந்துடும்"னு சொன்னேன். மணி ஒன்பதே முக்கால்.

தங்கச்சி கையில அந்தப் பட மட்டைகள பிடிச்சுக்கிட்டு நிக்குறா. ஓரமெல்லாம் வேர்வையில ஊறுது. அவ முகத்தப் பாக்க எனக்கு ஏலல. பாவமா இருந்துச்சு. எனக்குப் பாவம் வந்தாலும் அது கோவமாத்தான் வெளிய வரும், அப்படி ஒரு கேடு கெட்ட பிறவி நான்.

"நேத்து எப்படிடி கழட்டின?"

"மெதுவாத்தான்க்கா கழட்டினேன்."

"மெதுவா கழட்டினா இன்னைக்கு ஏன் வேலை செய்யல? பிரஷ உள்ள விட்டு நோண்டினியா? தண்ணிய ஊத்தித் தொடச்சியா?"

"இல்லக்கா. காஞ்ச துணி. நீயும்தானே பாத்த."

"நான் எதப் பாத்தேன்? முந்தாநாள் வரைக்கும் ஒழுங்கா ஓடினது! ஒன் கை பட்டு எதுடி வெளங்கியிருக்கு? கட்டினவனும் போய்ச் சேர்ந்தான், இப்ப இதுவும் போச்சு!"

சொல்லிட்டேன். என் வழக்கமான சத்தத்துல சொன்னேன். பென்சன் ஐயா குனிஞ்சு நிலத்தப் பாத்தாரு. தோட்டத்து அம்மா கையில இருந்த கடதாசிய மடிச்சு, இன்னும் ஒரு தரம் மடிச்சாங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மரக்கறி எடுத்துக்கிட்டு இருந்த ஒரு பொம்பளை திரும்பி எங்க கடையப் பாத்தா. புருசன் செத்த வீட்டுலயும் சில பேர் இதத்தான் குசுகுசுன்னு பேசினாங்க. அவ கை ராசியில்லாத கைன்னு. அன்னைக்கு அவங்கள வீட்ட விட்டு வெரட்டினவ நான். மூணு வருசம் கழிச்சு நானே அத கடை வாசல்ல நின்னு கூவினேன்.

தங்கச்சி அழல. மட்டைகள மேசையில அடுக்கி வச்சா. "பக்கத்துக் கடை நானாவக் கூட்டிட்டு வர்றேன்"னு சொல்லிட்டு படியில இறங்கிப் போனா.

பக்கத்துக் கடை நானா போன் திருத்துறவர். முஸ்லிம் ஆள், அவங்க அண்ணனுக்கு நானாம்பாங்க. என்னை விட நாலஞ்சு வயசு மூப்பு, என்னையும் தங்கச்சின்னுதான் கூப்பிடுவாரு, என் கத்தலுக்குப் பழகின மனுசன். ஒரு புதுக் கேபிளத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தாரு.

"என்ன தங்கச்சி, காலைலயே ஊரக் கூட்டுறீங்க?"

"ஊரக் கூட்டல நானா, இந்தச் சனியனத் திருத்துங்க. பத்தரைக்கு இவளுக்கு இன்டர்வியூ."

அவரு ஒரு வேலை செஞ்சாரு, எனக்கு அது தெரியாது. அவர் கேபிளோட ரெண்டு முனையையும் ரவுட்டர்லயே ரெண்டு ஓட்டையில குத்தினாரு. ரெண்டு ஓட்டைக்கும் லைட் எரிஞ்சுச்சு. "என்ட கேபிள் நல்லா ஈக்கி, ஒரு பிழையும் இல்ல." பிறகு என் கேபிள அதே மாதிரி குத்தினாரு. இருட்டு. "ஒங்கட கேபிள் மவுத்து"ன்னாரு. எனக்கு மூச்சு வந்துச்சு. கேபிள்தானா! செத்தது கேபிள்னா என்ன, இந்தா புதுசு இருக்கே! கழட்டினத மூலையில வீசிட்டு, அவர் கேபிளக் கம்ப்யூட்டருக்குப் பின்னால குத்தச் சொன்னேன். குத்தினாரு. மூணு பேரும் திரையப் பாத்தோம்.

புள்ளடி.

"அப்ப கார்டும் போயிருக்கும்"னாரு நானா. "டவுனுக்குப் போய் புதுக் கார்ட் வாங்கியாந்து பூட்டணும்."

"எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வர்றது? மணி இப்பவே பத்து!"

"அதுதான் தங்கச்சி." அவரு தலையச் சொறிஞ்சாரு. "ஆனா ஒரு விசயம். கேபிளும் கார்டும் ஒரே நாள்ல எப்படி மவுத்தாகும்?" அப்படிச் சொல்லிக்கிட்டே அவர் கேபிள வெளிய இழுத்தாரு.

தங்கச்சி "இருங்க நானா"ன்னு சொல்லி அந்த முனையக் கையில வாங்கினா. புதுக் கேபிள், கண்ணாடி மாதிரி பிளக். அதோட நுனியில மஞ்சளா ஏதோ ஒட்டியிருந்துச்சு. வெரலால தடவினா. மூக்கு கிட்ட கொண்டு போய் மணந்து பாத்தா. போன் டோர்ச்சப் போட்டு, மேசைக்குப் பின்னால முட்டி போட்டு, கம்ப்யூட்டர்ல இருக்குற அந்த ஓட்டைக்குள்ள பாத்தா. மூலையில நான் வீசின பழைய கேபிள எடுத்து அதோட நுனியையும் பாத்தா.

"சந்தனம்"னா.

எனக்கு அந்த நிமிசம் எல்லாம் வெளிச்சமாச்சு. முந்தின நாள் சிபியுப் பெட்டியத் திருப்பி வச்சு, பின்னால எந்த இடத்துல வைக்கலாம்னு பாத்தேன். வயரெல்லாம் கழட்டியிருக்கு, ஓட்டை ஓட்டையா தெரியுது. நமக்குச் சோறு போடுறதே இந்த நெட் ஓட்டைதானே, எல்லா விண்ணப்பமும் எல்லா ரிசல்ட்டும் இது வழியாத்தானே வருது போகுது, இதுக்குத்தானே மொதல்ல வைக்கணும்னு நெனச்சு, வெரல் நிறைய எடுத்து அப்பினேன். பொட்டு நிக்கணும்னு அழுத்தி வேற வச்சேன். அதுக்கு மேல குங்குமம். மறுநாள் காலையில வந்து அதுக்குள்ளயே கேபிளக் குத்தி, இறுக்கமா இருக்கேன்னு இன்னும் உள்ள தள்ளி, கம்பியெல்லாம் மூடிப்போகுற மாதிரி அடைச்சிருக்கேன். சரஸ்வதிக்கே மூச்சு முட்டியிருக்கும்!

நானாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "யா அல்லாஹ், இதுக்குமா பொட்டு?"ன்னாரு. தங்கச்சி முகத்தப் பாத்துட்டு சிரிப்ப நிறுத்திக்கிட்டாரு.

நான் என்ன செஞ்சிருக்கணும்? வாய மூடியிருக்கணும். என் வாய் பழக்க தோசத்துல தன்பாட்டுக்குத் திறந்துச்சு. "தொடைக்கிறப்ப நீ அந்த ஓட்டைய ஒரு துணியால மூடி வச்சிருந்தா..."ன்னு ஆரம்பிச்சேன்.

"பொட்டு நான் வைக்கலக்கா"ன்னா அவ. சத்தமே இல்லாம, தன்பாட்டுக்குச் சொன்னா. "என்னத் தொட வேணாம்னு நீதானே சொல்லியிருக்க."

நானா கடைக்கு ஓடிப் போய், போனுக்குள்ள சுத்தம் பண்ணுற தண்ணியும் ஒரு சின்னப் பிரஷும் கொண்டு வந்தாரு. நான் கைய நீட்டினேன். தங்கச்சி என் கையத் தாண்டி வாங்கிக்கிட்டா. கரண்ட் வயரக் கழட்டினா. சேலைத் தலைப்ப இடுப்புல சொருகிக்கிட்டு தரையில உக்காந்தா. நானா டோர்ச்ச பிடிச்சாரு. அந்த ஓட்டைக்குள்ள தலைமுடி மாதிரி எட்டுக் கம்பி இருக்கு, தங்க நெறத்துல. அது எட்டையும் சந்தனம் ஒண்ணா பூசி மூடியிருந்துச்சு. அழுத்தித் தேச்சா கம்பி வளைஞ்சிடும். வளைஞ்சா கதை முடிஞ்சுது. அவ ஒவ்வொரு கம்பியா, பிரஷ நனைச்சு, கீழ்ப் பக்கமா இழுத்து எடுத்தா. அவ கை ஆடல. என் கை இருந்திருந்தா எட்டுக் கம்பியையும் பேத்து எடுத்திருக்கும்.

நான் அங்க நின்னு என்னைத் திட்டிக்கிட்டு இருந்தேன். கொம்பனியத் திட்டினது, அந்தப் போன் பொடியனத் திட்டினது எல்லாத்தையும் சேத்து வட்டியும் முதலுமா எனக்கே குடுத்தேன். ஊருக்கெல்லாம் விண்ணப்பம் போடுற மகராசி! படிச்சவளாம், கம்ப்யூட்டர் தெரிஞ்சவளாம்! கூடப் பொறந்தவ கையத் தீட்டுன்னு கதவோரம் நிக்க வச்சிட்டு, என் கையால அவ வாழ்க்கைய அடைச்சிருக்கேனே! எனக்கு நானே ரெண்டு அறை விட்டுக்கலாம் போல ஆத்திரம்.

பத்து இருபத்தஞ்சுக்கு அவ எழும்பினா. ஓட்டைக்குள்ள ஊதினா, நானாவும் ஊதினாரு. தண்ணி காயட்டும்னு ரெண்டு நிமிசம் விட்டாங்க. நானாவோட கேபிள் நுனியையும் தொடச்சுக் குத்தினா. கரண்டப் போட்டா. வட்டம் சுத்துது. பத்தரை. சுத்துது. "எழும்பு, எழும்பித் தொலையேன்"னு நான் பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்குறேன். ரவுட்டர்ல ஒரு ஓட்டைக்கு மேல மஞ்சள் லைட் ஒரு தரம் மின்னுச்சு, அணைஞ்சுச்சு, பிறகு பச்சையா நின்னுச்சு. திரை வந்துச்சு. மூலையில புள்ளடி இல்ல. பத்து முப்பத்திமூணு. தங்கச்சி சேலைத் தலைப்ப இழுத்து விட்டு, முகத்த கையால தொடச்சுக்கிட்டு கதிரையில உக்காந்தா. பத்து முப்பத்திநாலுக்கு அங்க இருந்து ஒரு குரல் வணக்கம் சொல்லுச்சு.

நான் கெமராவுல விழக் கூடாது. அதனால விலகிப் போய் நின்னேன். நின்ன பிறகுதான் பாத்தேன், அது கதவோரம். முந்தின நாள் அவ நின்ன அதே இடம். வாசல்ல இருந்தவங்கள வாய்ல வெரல வச்சுக் காட்டி உக்கார வச்சேன். அரை மணித்தியாலம் ஒரு வார்த்தை பேசாம நின்னேன். என் சீவியத்துல அது மொதத் தடவை. அவ சுளகுப் படத்தத் தூக்கிக் காட்டி, அரிசி புடைக்கிற மாதிரி கையால செஞ்சு காட்டினா. அங்க இருந்த பிள்ளைங்க சிரிச்சாங்க. "சுளகு, சுளகு"ன்னு அந்த வெளிநாட்டு நாக்கால சொல்லிப் பாத்தாங்க. அவளும் சிரிச்சா. அவ சிரிச்சு நான் எப்பப் பாத்தேன்னு யோசிச்சேன், ஞாபகம் வரல.

வேலை கிடைச்ச செய்தி ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்துச்சு. இப்ப அவ சொன்ன மாதிரியே தனியா ரூம் எடுத்துப் போயிட்டா, எங்க கடையில இருந்து நடந்து போற தூரம். அங்க அவளுக்குன்னு ஒரு லைன், ஒரு கேபிள். ஆனா அன்னைக்குப் பாடம் முடிஞ்சு அவ கம்ப்யூட்டர மூடுறப்ப எங்களுக்கு அதெல்லாம் தெரியாது.

"நல்லா செஞ்சடி"ன்னேன். அவ மட்டைகள பையில போட்டா. சாமி மேசையில சந்தனக் கிண்ணம் அப்படியே இருந்துச்சு, மேலால வெடிச்சுக் காஞ்சு போய். "இந்தா பாரு, அடுத்த பூசைக்கு நீயே பொட்டு வை. எவ என்ன சொன்னாலும் நான் பாத்துக்குறேன்"னேன். ஏதோ பெரிய தானம் குடுக்குற மாதிரி சொன்னேன்.

"பொட்டு கெடக்கட்டும்"னா. "காலைல சொன்னியே, அத திருப்பி எடு."

"எடுத்துக்கிட்டேன்"னேன், மெதுவா.

"இங்க இல்லக்கா. எங்க நின்னு சொன்னியோ அங்க போய் நில்லு. அதக் கேட்டவங்க இதையும் கேட்கட்டும்."

நான் வாசல் படிக்குப் போனேன். பென்சன் ஐயாவும் அந்த அம்மாவும் இன்னும் வாங்குப் பலகையில உக்காந்திருந்தாங்க. நானா தன் கடை முன்னால யாரோ ஒருத்தரோட போனத் திறந்துக்கிட்டு இருந்தாரு. எதிர்ப்பக்கம் மரக்கறிக் கடையில சனம் நின்னுச்சு. ரோடு நெறைய வாகனம். இந்தப் படியில நின்னு நான் எத்தனை பேர எத்தனை தரம் ஏசியிருப்பேன்!

"என் தங்கச்சி கையில ஒரு குத்தமும் இல்ல"ன்னேன். "சந்தனத்த வச்சு அடைச்சது நான். அவ கை பட்டதாலதான் இது வேலை செய்யுது."

பென்சன் ஐயா நிமிர்ந்து பாத்தாரு. அந்த நேரம் பாத்து ஒரு லொறி ஹோர்ன் அடிச்சுக்கிட்டே போச்சு. மத்த யாரும் திரும்பல.

உள்ள இருந்து தங்கச்சி சொன்னா, "கேட்கலக்கா."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்குற மாதிரி மறுபடியும் சொன்னேன்.